மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிய முற்றம்

கூட்டாளி,

இன்று காலை உன் வீட்டு முற்றத்தில் ஈரம் பார்க்க ஒட்டிவைத்திருந்த பாலிதீன் தாளை உரித்துப் பார்த்தேன். அடியில் வேர்த்திருந்தது. தாளின் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர். தரையில் அந்தச் சதுரம் மட்டும் கறுத்துக் கிடந்தது. மேலே பார்த்தால் காய்ந்து வெளுத்த தரை, உள்ளே இன்னும் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் பூச்சு அடிக்க முடியாது. நாளைக்கும் சந்தேகம்தான். தாளை வேறொரு மூலையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு உன் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். காலை விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்ந்து இறங்கிப் போயிற்று. விமான நிலையத்தை ஒட்டிய இந்தப் பத்துபஸ்தியில் இருந்துகொண்டு இந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்க்கிறவன் நீ ஒருவன்தான் என்று கேலி செய்வேன். இன்று நான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு எழுந்திருக்க மனசு வரவில்லை.

அலுத்துவிட்டது எனக்கு. முட்டி இரண்டும் மடங்க மறுக்கின்றன, மடங்கினால் நிமிர மறுக்கின்றன. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு நான் எடுத்த வேலைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இதையும் எடுத்திருக்க மாட்டேன். போன மழையின் கடைசியில் உன் மனைவி இந்த முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நீ இருக்கும்போதே தொடங்கிய மாவு வியாபாரத்தை அவள் விடவில்லை. நாளெல்லாம் வாளியும் கையுமாக இந்தத் தரையில்தான் நடக்கிறாள். கட்டுப் போட்ட கையோடு என்னிடம் வந்து, அடுத்த மழைக்கு முன்னால் வழுக்காத பூச்சு ஏதாவது அடித்துக் கொடுங்கள், இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் வீட்டில் எனக்கு எதற்குமே வாய் இருந்ததில்லை. அது ஏன் என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் தரை என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பாசியைச் சுரண்டவே ஒன்றரை நாள் ஆயிற்று. கேட்டுக்குப் பக்கத்தில் நீ பைக்கை நிறுத்தி நிறுத்தி ஆயில் ஊறிய இடம் இருக்கிறதே, அதில் சோடாவைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி அப்பி, மூன்று முறைக்குப் பிறகுதான் பிசுபிசுப்புப் போயிற்று. வெடிப்புகளை உளியால் அகலப்படுத்தி அடைத்தேன். இதெல்லாம் போகட்டும். ஊரெல்லாம் போய்ப் பூச்சு அடித்தவன், சொந்த வீட்டுத் தரையை எவனும் பூச்சு அடிக்க முடியாதபடி வழவழவென்று இழைத்து வைத்திருக்கிறாய். கையை வைத்தால் வழுக்குகிறது. வீட்டுக்காரி கண்ணாடி மாதிரி வேண்டும் என்று கேட்டாளாம், நீயும் சிமெண்டுப் பாலை ஊற்றித் தேய்த்துக் கொடுத்தாயாம். அந்த மேல் தோல் போகாமல் எதை அடித்தாலும் ஆறு மாதத்தில் சோற்றுப் பருக்கை மாதிரி உதிர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும், என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஆசிட்தான் வழி. ஆசிட் என்றால் தண்ணீர் வேண்டும்.

இந்தத் தீவில் நம் தொழிலுக்கு இருந்த சாபக்கேடு அதுதான். எட்டு மாதம் வானம் ஒழுகும். தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் தரை காயாது. தை பிறந்து வெயில் வந்தால் தரை நன்றாகக் காயும், குழாய் வறண்டுவிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் அரை மணி நேரம். வெயிலை நம்பி வேலை எடுத்துவிட்டு, குழாய்க்கு முன்னால் பக்தர்கள் மாதிரி காத்துக் கிடந்தோம். நீ அலுத்துக்கொண்டதே இல்லை. கச்சால் தீவுத் தோட்டத்தில் ரப்பர் பால் வடிகிற வரைக்கும் உட்கார்ந்து பழகின ஆள் நான் என்பாய். நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் பக்கத்தில் அலை வந்தால் படகைத் தள்ள வேண்டும், நின்று யோசிக்கிறவனுக்கு மீன் கிடையாது.

சுனாமிக்குப் பிறகு கச்சாலிலிருந்து கப்பலில் வந்து முகாமில் இறங்கினவன் நீ. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தப்பியது தவிரக் கையில் எதுவும் இல்லை. தகர வீடு போடுகிற வேலையில் ஏணிக்கு மேல் நானும் கீழ் நீயுமாகப் பழகினோம். முதல் நாள் நான் "ஏலே, அந்த ஆணிய எடு" என்றதற்கு இரண்டு மணி நேரம் என்னோடு பேசாமல் இருந்தாய். உங்கள் தோட்டத்து மனிதர்களுக்கு அந்த 'லே' வசவு மாதிரி கேட்டதாம். பிறகு எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, உனக்கு அது கேட்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு வருஷத்தில் இரண்டு பேர் பெயரும் போட்டு ஒரு கார்டு அச்சடித்தோம். தரை, மொட்டைமாடி, பூச்சு வேலை. உன் பெயரை மேலே போடு என்று நான் சொன்னேன். நீ என் பெயரை மேலே போட்டுவிட்டு வந்தாய்.

இனி அந்தத் தாதா வீட்டு வேலைக்கு வருகிறேன். சுற்றி வளைத்து ஓடிக்கொண்டிருந்தால் உனக்குப் பிடிக்காது.

ஊருக்கு வெளியே, கடல் ஏறி வந்து வயலெல்லாம் உப்பாகிப் போன பக்கத்தில் அந்த வங்காளி, அவர்கள் பாஷையில் அண்ணன் என்று நாமெல்லாம் தாதா என்று கூப்பிட்டவர், வீடு கட்டியிருந்தார். டூரிஸ்ட்டுகளுக்கு விட மூன்று அறைகள், அவர்கள் சாயங்காலம் உட்கார முன்னால் பெரிய முற்றம். அதற்குச் செங்கல் நிறத்தில் பூச்சு. நான்கு நாளில் விருந்தாளிகள் வருகிறார்கள், ஜல்தி ஜல்தி என்று அவர் நின்றார். அவரை நான் சமாளித்திருப்பேன். ஆனால் முதல் நாள் எனக்கு ஊரிலிருந்து போன் வந்திருந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, கிளம்பி வா என்றார்கள். கப்பலுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. அதுவும் நான்கே நாளில் புறப்படுகிற கப்பல். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வேலையை முடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று நானாக ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

அன்று காலை உன் சின்னவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு மத்தியானம் வருகிறேன் என்றாய். போகும்போது இரண்டு விஷயம் சொன்னாய். நாளைக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது, அது வரைக்கும் ஆசிட்டைத் திறக்காதே. அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதே, சுனாமியிலிருந்து கரிக்கிறது. நான் சரி என்று தலையாட்டினேன்.

நீ போய் ஒரு மணி நேரம்கூட நான் சும்மா இருக்கவில்லை. டாங்கில் தண்ணீர் இருக்கிறதே, போதும் என்று ஆசிட்டைக் கலந்து ஊற்றினேன். தரை பொங்கியது. நுரை அடங்கியதும் டாங்க் தண்ணீரில் ஒரு முறை கழுவினேன். அந்த ஒரு முறையிலேயே டாங்க் காலி. தரையில் ஆசிட் இன்னும் நிற்கிறது. அப்படியே விட்டால் தரையைத் தின்றுவிடும். கிணற்று மோட்டார் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. போட்டேன். ஒரு தண்ணீருக்கு இரண்டு தண்ணீராக நன்றாக அடித்துக் கழுவினேன். தரை பளிச்சென்று ஆகிவிட்டது. உப்பு கண்ணுக்குத் தெரியுமா என்ன.

நீ திரும்பி வந்து பார்த்தாய். முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"தண்ணி வந்துச்சா?" என்றாய்.

"வந்துச்சு" என்றேன்.

ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டதே, நம்மேல் அவ்வளவு இரக்கமா என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதோடு முடிந்தது. தரை காய்ந்தது, இரண்டு கை பூச்சு அடித்தோம், நான் கப்பல் ஏறினேன். மூன்று நாள் கடலில் அந்தத் தரையைப் பற்றி ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பாவை அடக்கம் செய்து, முப்பதாம் நாள் பூசையும் முடித்துத் திரும்பினேன். துறைமுகத்துக்கு நீ பைக்கோடு வந்திருந்தாய். என் பெட்டியை வாங்கி முன்னால் வைத்துக் கயிறு கட்டினாய். கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"தாதா வீட்டுத் தரை கொப்புளம் விட்டிருச்சு கூட்டாளி. நான்தான் கிணத்துத் தண்ணி அடிச்சேன்னு சொல்லிட்டேன். அப்பா காரியம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெட்டி பைக்கில் இருந்தது, வெயில் அடித்தது, பின்னால் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீ முடிச்சை இறுக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பாய். நான், "முடிஞ்சுதுலே. கடைசி வரைக்கும் நெனவு இருந்துச்சு" என்று அப்பாவைப் பற்றி மட்டும் பதில் சொன்னேன். நீ தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாய்.

பிறகு ஆட்கள் சொல்லித்தான் முழுக் கதையும் தெரிந்தது. தாதா கத்திய கத்தலில் அக்கம்பக்கம் கூடிவிட்டதாம். நீ ஒரு கொப்புளத்தை உடைத்து, அடியில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாயாம். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டாயாம். அப்புறம், தப்பு என்னுடையது, நானே சரி பண்ணித் தருகிறேன் என்றாயாம். பதினோரு நாள் தனியாக முட்டி போட்டு அந்தப் பூச்சு முழுவதையும் சுரண்டியிருக்கிறாய். நல்ல தண்ணீரை டிரம்மில் பிடித்து ஆட்டோவில் கொண்டுபோய்க் கழுவியிருக்கிறாய். சின்னவளுக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்ததாம்.

தரை நேராகிவிட்டது. பெயர் நேராகவில்லை. பெயிண்ட் கடை பெஞ்சில் உனக்கு 'காராபானி', உப்புத் தண்ணீர், என்று பட்டம் கட்டினார்கள். காலாபானிக்கு ஒரு காராபானி என்று சிரித்தார்கள். உன்னைத் தனியாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கார்டு தீர்ந்தபோது, இந்தத் தடவை உன் பெயரை மட்டும் போடு, அதுதான் வேலைக்கு நல்லது என்று நீயே சொன்னாய். நான் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒரே ஒரு பேச்சுக்கு. பிறகு போய் அச்சடித்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து என் பெயரில் வேலை, உன் கையில் வேலை. கூட்டாக இருந்தவன் என்னிடம் கூலிக்கு வருகிறவன் ஆனாய். நாம் உட்கார்ந்து பேசி அப்படி ஆகவில்லை. பேசாமல் இருந்தே அப்படி ஆயிற்று.

சொல்ல நினைக்காமல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்கும்போது தொண்டை வரைக்கும் வரும். அதற்குள் நீ வேறு எதையாவது எடுத்துவிடுவாய். மகளின் பரீட்சை, மழை, கச்சாலில் விட்டுவந்த மாடு. என்னைத் தப்பிக்க விடத்தான் அப்படிப் பேசினாயா, இல்லை அதைக் கேட்கவே உனக்குப் பிடிக்கவில்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் காமாலை முற்றி நீ படுத்திருந்தபோதும் தினமும் வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் காலைப் பிடித்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு என்று ஒன்று உனக்கு இருக்கும் என்று நினைத்தேன்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன்.

பாசி சுரண்டி, ஆயில் எடுத்து, வெடிப்பெல்லாம் அடைத்து முடித்த அன்று, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி டீ கொண்டுவந்தாள். குழாய்க்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆசிட் கேனைத் திறக்காமல் மூலையில் வைத்துவிட்டுப் புறப்படத் தயாரானேன். எதற்காக இரண்டு நாள் வீணாக்க வேண்டும், பக்கத்து வீட்டில் கிணறு இருக்கிறது, நல்ல தண்ணீர்தான், கேட்டால் மோட்டார் போட்டுவிடுவார்கள் என்றாள். எந்தக் கிணறும் வேண்டாம், குழாய்த் தண்ணீர் வரட்டும் என்றேன். சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. ரொம்ப நாளாகப் பழகிப்போன ஒரு விஷயத்தைப் பேசும்போது வருகிற சிரிப்பு.

"அவரு பண்ணின தப்ப நீங்க பண்ண மாட்டிங்க" என்றாள்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பத்து நாளாக உன் தரையில் முட்டி போட்டு, உன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது அவன் பண்ணலம்மா. நான் பண்ணினேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாங்க், மோட்டார், 'வந்துச்சு' என்று நான் சொன்னது, துறைமுகத்தில் நீ சொன்னது, அதற்கு நான் சொல்லாமல் விட்டது. அவள் நின்றுகொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயும் அவரு சொல்லலையே" என்றாள்.

எனக்கு அது உறைக்கவே நேரம் ஆயிற்று. உன்னிடம் அவள் அதைப் பற்றிக் கேட்காத நாள் இருந்திருக்குமா? எத்தனை சண்டை போட்டிருப்பாள், எத்தனை தடவை குத்திக்காட்டியிருப்பாள் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததே இல்லை. நீ ஊர் வாய்க்கு மட்டும்தான் பழி சுமந்தாய் என்று நினைத்திருந்தேன்.

அவளே சொன்னாள். அரிசி களைகிற தண்ணீரை இன்னொரு முறை மாற்று என்று நீ சொல்வாயாம். வீட்டில் மட்டும் தண்ணீர் சுத்தம் பார்க்கிற ஆளைப் பார் என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வாளாம். பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் காராபானி மகன் என்று கூப்பிட்டான்கள் என்று அவன் அழுதுகொண்டு வந்த அன்று, உன்னோடு மூன்று நாள் பேசவில்லையாம். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரியில ஒரு நாள் தண்ணி கேட்டாருண்ணே. குடுத்தேன். வாய்க்கு வச்சிட்டு, கரிக்குதேன்னாரு. நோவுல அப்படித் தெரிஞ்சிருக்கும். நான் சும்மா சிரிக்க வைக்கலாம்னு, ஒங்களுக்குத் தெரியாத உப்புத் தண்ணியான்னு கேட்டேன். அவரும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாள்தான் இருந்தாரு."

முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"அவரு இருக்கும்போது சொல்லியிருக்கணும்ணே. இல்லாட்டி எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கணும்" என்றாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "சொன்னது சொல்லிட்டிங்க. அந்தப் பெயிண்ட் கடையிலதானே பேரு வச்சாங்க. அங்கயும் போய்ச் சொல்லுங்க."

நான் போகிறேன் என்றேன்.

குழாய்த் தண்ணீர் வந்த அன்று விடியும்போதே வந்துவிட்டேன். உன் வீட்டில் இருந்த பாத்திரம், குடம், டிரம், மாவுச் சட்டி வரைக்கும் எல்லாவற்றிலும் அவள் பிடித்து வைத்தாள். ஒரு கையால்தான். நான் தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து ஊற்றினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கண்ணில் நீர் வந்தது. அது ஆசிட்டால் வந்தது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. உன் கண்ணாடித் தரை பொங்கிப் பொங்கி அடங்கியது. மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். மூன்றாவது தண்ணீரை வடியவிட்டுத் தேய்த்துத் தள்ளியபோது வழவழப்பெல்லாம் போய், தரை மணல் தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கியது. தங்கச்சி வந்து வெறும் காலால் தேய்த்துப் பார்த்தாள். இப்ப வழுக்கலை என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு நான்கு நாள் காயவிட்டேன். கடைக்குப் போக நான்கு நாளும் ஒரு சாக்கு இருந்தது. முட்டி வலி, வெயில், ஞாயிற்றுக்கிழமை. நேற்றுச் சாயங்காலம் பூச்சு டப்பா வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில்தான் போனேன்.

கடைக்காரர் மதுரைப் பக்கத்து மனிதர், உனக்குத் தெரியும். பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் பழைய ஆட்கள். யார் வீட்டு வேலை என்று கடைக்காரர் கேட்டார். உன் வீடு என்றேன். அட, நம்ம காராபானி வீடா என்று ஒருவன் கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. செத்துப்போனவன் மேல் பாசமாகத்தான் கேட்டான். உன் உண்மைப் பெயர் அவனுக்கு ஞாபகம்கூட இல்லையோ என்னவோ.

நான் நின்றபடியே சொன்னேன். தாதா வீட்டில் கிணற்றுத் தண்ணீர் அடித்தது நீ இல்லை, நான்தான் என்றேன். நான் ஊரில் இல்லாதபோது நீ என் பழியை வாங்கிக்கொண்டாய், நான் திரும்பி வந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன் என்றேன். ஒருவன் பீடியைக் கீழே போட்டு அணைத்தான். அப்பாடா, இறங்கிவிட்டது என்று நினைத்தேன், கூட்டாளி. ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது.

கடைக்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் தோளைப் பிடித்தார்.

"செத்தவன் பேருல கறை இருக்கக் கூடாதுன்னு ஒங்க தலையில தூக்கிப் போட்டுக்கிறீங்களேண்ணே. இந்தக் காலத்துல யாருண்ணே இப்படி இருக்கா?"

நான் இல்லை என்றேன். சத்தியமாக நான்தான் என்றேன். கப்பல் டிக்கெட்டைச் சொன்னேன், டாங்க் காலியானதைச் சொன்னேன், மோட்டார் சுவிட்ச் எந்தச் சுவரில் இருந்தது என்பதுவரை சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள். கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னான். டீ வரவழைத்தார்கள். நான் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று கேட்காதே. நின்று வாதாட உடம்பில் தெம்பு இல்லை.

நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்கிறேன் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். தப்பு உன் பெயரிலேயே இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து உனக்கு வர வேண்டிய நல்ல பெயரும் என் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. இதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடைக்குப் போவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தங்கச்சி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டிங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. நீ போனதற்குப் பிறகு அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. உள்ளே போய் மகளிடம், அப்பா மேல் தப்பில்லை என்று கடையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று சொல்வது எனக்குக் கேட்டது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று இந்தப் படியில் உட்கார்ந்து காலையிலிருந்து யோசிக்கிறேன்.